பல் போன சக்கரமும் பித்தளைப் பல்லும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விலை உயர்ந்த மோட்டார் கார்களில் ஓட்டுநர் இருக்கையை நகர்த்துவதற்குக் கையால் இழுக்கும் கம்பி கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இருக்கை தானே மெல்ல முன்னே வரும், பின்னே போகும், உயரும், சாயும். இருக்கையின் அடியில் அமர்ந்திருக்கும் சிறு மின்மோட்டார்களே இந்த வேலைகளைச் செய்கின்றன. சில ஆண்டுகள் ஓடிய பிறகு ஒரு நாள் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுழலும் ஓசை மட்டும் கேட்கும், இருக்கை அசையாது. அல்லது ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நின்றுவிட, இருக்கை கோணலாகச் சிக்கிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால், கட்டை விரல் அகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரத்தில் நான்கைந்து பற்கள் மழுங்கிப் போயிருக்கும்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இப்படிப்பட்ட கார் இராது. என் வீட்டிலும் இல்லை. ஆயினும் மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் நான்கு வழிச்சாலை நம் கோவில்பட்டியை ஒட்டியே போகிறது. அதில் போகும் கார்கள் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் வருகின்றன. என் தந்தையார் அப்படிப்பட்ட ஒரு லேத் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். கடந்த கோடை விடுமுறையில் அங்கே ஒரு வேலை வந்தது. இருக்கையின் பற்சக்கரம் தனியே கிடைக்காது, மோட்டாரும் தண்டும் சேர்ந்த முழுத் தொகுதியையே வாங்க வேண்டும் என்று விற்பனையகத்தில் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் கேட்ட தொகையில் என் தந்தையாரின் நான்கு மாதக் கூலி அடங்கும். "பித்தளையில ஒண்ணு வெட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்று பழுதுபார்ப்பவர் வந்து நின்றார்.

வெட்டிக் கொடுக்கலாமா, கூடாதா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புழுவும் சக்கரமும்

மோட்டாரின் தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 சுற்று சுழல்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இருக்கைக்கு அந்த வேகம் ஆகாது. எனவே தண்டின் முனையில் மரை போன்ற எஃகுத் திருகு ஒன்று இருக்கும். பட்டறையில் இதை வார்ம் என்பார்கள். புழு என்று பொருள். அது ஒரு சுற்றுச் சுற்றினால் எதிரே உள்ள பற்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 30 பற்கள் இருந்தால் 3000 சுற்று 100 சுற்றாகக் குறையும். அந்தச் சக்கரம் ஒரு நீண்ட திருகாணித் தண்டைச் சுழற்ற, இருக்கை நகர்கிறது.

இந்த அமைப்புக்கும் நம் கரிசல் மண்ணின் பயிருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பழைய மர இராட்டினத்தில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல வேண்டும். அதற்காக உருளைகளின் முனைகளில் புழுத்திருகு செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். 13, 14-ஆம் நூற்றாண்டுகளிலேயே இம்முறை இந்தியாவில் தோன்றியிருக்க வேண்டும் என்று வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர். அன்று மரத்தோடு மரம். இன்று எஃகோடு நைலான். நூற்பாலை இயந்திரங்களில் ஓசையைக் குறைப்பதற்காகப் பயன்பட்ட ஃபைபர் கியரும் பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்ததுதான். ஆகவே பற்சக்கரம் என்றாலே இரும்பு என்று எண்ணுவது சரியன்று.

இந்த ஜோடிக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. புழு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் புழுவைச் சுழற்றாது. புழுவின் மரைச் சாய்வு 4 பாகை எனில் அதன் டேன்ஜென்ட் 0.07. உராய்வுக் குணகம் 0.1 என்று கொண்டால் உராய்வே வெல்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டுக்கு நாம் கொடுக்கும் விலை திறன் இழப்பு. அதே எண்களை வைத்துக் கணக்கிட்டால் திறன் 41 சதவீதம்தான் வருகிறது. மோட்டார் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் உராய்விலேயே வெப்பமாகிறது.

பிளாஸ்டிக்கை ஏன் வைத்தார்கள்?

செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லி நிறுவனங்களைத் திட்டுவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நைலானிடம் வேறு குணங்களும் உண்டு. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய இப்பொருள் எஃகின் மேல் ஓசையின்றி ஓடும், சிறிது கிரீஸ் இருந்தாலே போதும், துருப்பிடிக்காது. அடர்த்தி 1.14 தான், பித்தளைக்கோ 8.5. காதுக்கு அருகே ஓடும் ஒரு கருவிக்கு ஓசையின்மை சிறிய குணமன்று.

அதன் குறைகள் நம் பகுதியில் பெரிதாகின்றன. நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள். அந்த ஈரமே அதற்கு நெகிழ்வைத் தருகிறது; வறண்டால் நொறுங்கும் தன்மை கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டால் ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்று வீசும் ஊர் நம்முடையது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அந்த வெப்பத்தில் நைலானின் வலிமை கணிசமாகக் குறையும், 30 மி.மீ. சக்கரம் 40 பாகை சூடேறினால் 0.1 மி.மீ. அளவுக்கு விரியும். பித்தளை விரிவது அதில் கால் பங்குதான்.

பிறகு புழுதி. கரிசல் களிமண் மென்மையானது. அது மட்டும் எஃகைக் கீறாது. அதனுடன் கலந்து வரும் நுண்மணல்தான் பகை. மணல் துகள் மென்மையான பல்லில் புதைந்துகொண்டு, எதிரே ஓடும் எஃகுப் புழுவை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. மென்மையானது வன்மையானதைத் தேய்க்கும் இந்த வேடிக்கையைப் பட்டறையில் நேரில் பார்க்கலாம்: பல் ஓரளவு நன்றாகவே இருக்கும், புழு பளபளவென்று தேய்ந்திருக்கும். அப்போது சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஒரு சிறு கணக்கு

வில்பிரட் லூயிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1892-இல் பல்லின் வலிமைக்கு ஒரு சூத்திரம் தந்தார். ஒவ்வொரு பல்லையும் சுவரில் ஒரு முனை பதித்த சிறு உத்திரமாகக் கருதுவதே அவர் வழி. நாம் முதலாண்டில் படித்த உத்திரத்தின் வளைவுதான் இது. பல்லின் மேல் விழும் விசையை, பல்லின் அகலம், மாடியூல் எனப்படும் அளவு, வடிவ எண் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் தகைவு கிடைக்கும். புழுச்சக்கரத்திற்கு இது தோராயமே. ஆனாலும் கண்ணைத் திறக்கிறது.

மோட்டாரின் திருப்பு விசை சாதாரண ஓட்டத்தில் 0.1 நியூட்டன் மீட்டர் என்க. 30 மடங்கு, 41 சதவீதத் திறன், சக்கரத்தின் ஆரம் 15 மி.மீ. என்று வைத்தால் பல்லின் மேல் ஏறத்தாழ 80 நியூட்டன் விசை விழுகிறது. பல்லின் அகலம் 6 மி.மீ., மாடியூல் 1, வடிவ எண் 0.36 எனில் தகைவு 37 மெகா பாஸ்கல். நைலானின் இழுவலிமை 80-ஐ ஒட்டியது. ஆகவே சாதாரண ஓட்டத்தில் நைலான் போதும்.

இனி, இருக்கையின் கீழ் ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு போய்த் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் பொத்தானை விடாமல் அழுத்துகிறார். நின்றுபோன மோட்டார் ஐந்து மடங்கு திருப்பு விசை தருமானால் பல்லின் மேல் 400 நியூட்டன். தகைவு 185 மெகா பாஸ்கல். நைலான் பல் ஒடிகிறது. 300-க்கு மேல் தாங்கும் பித்தளை ஒடியாது.

"அப்படியானால் பித்தளையே மேல்" என்று இங்கே முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் பல் ஒடியவில்லை என்றால் அந்த 400 நியூட்டன் எங்கே போகும்? மோட்டாரிலிருந்து இரு பக்கத்திற்கும் சுழற்சியைக் கொண்டு செல்லும் வளையும் கம்பியை முறுக்கும். திருகாணித் தண்டின் மரையைப் பிடுங்கும். அல்லது மோட்டாரின் சுருளைச் சுடவைக்கும். நம் வீட்டு மிக்சி ஜாரின் அடியிலுள்ள ரப்பர் கப்ளரை எண்ணிப் பார்க்கலாம். ஊறாத பருப்பு சிக்கினால் சில ரூபாய்க் கப்ளர் கிழிந்து மோட்டார் பிழைக்கிறது. அந்த இடத்தில் இரும்புக் கப்ளர் மாட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. நைலான் பல்லும் சில இடங்களில் இப்படி உயிரைக் கொடுத்து மற்றதைக் காக்கிறது.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். லூயிஸ் பெயரை அவர் கேட்டதில்லை. பழுதுபார்ப்பவர் கொண்டுவந்த சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "பல்லு ஏன் போச்சுன்னு பாக்காம பல்லு வெட்டப்படாது." பற்கள் சுற்றிலும் ஒரே சீராக மெலிந்திருந்தால் அது தேய்மானம்; வயதும் புழுதியும் காய்ந்த கிரீசும் காரணம். அங்கே பித்தளை தகும். மற்றப் பற்கள் புதிதாக இருக்க மூன்று மட்டும் வேரோடு ஒடிந்திருந்தால், வேறெங்கோ ஏதோ சிக்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பித்தளை போடுவது நோயை விட்டுவிட்டு வாயைக் கட்டுவது போலாகும். வந்தது முதல் வகை. வேலையை ஏற்றுக்கொண்டார்.

வெட்டிய விதம்

சக்கரத்தின் வெளி விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டிய தொகையால் வகுத்தால் மாடியூல் கிடைக்கும். 32 மி.மீ., 30 பற்கள். ஆக மாடியூல் 1. தேய்ந்த பல்லை அளந்தால் கணக்குத் தவறும் என்பதால் தேயாத இடத்தைத் தேடி வெர்னியர் வைக்க வேண்டும். அங்குல அளவில் செய்த சக்கரமானால் 1.058 போன்ற எண் வரும். அதை 1 என்று முழுமையாக்கி வெட்டினால் ஓரிரு பல் பொருந்தி அடுத்தது முட்டும். இருக்கையின் மறுபக்கச் சக்கரத்தை மாதிரிக்கு எடுக்கும்போது பல்லின் சாய்வு இடமா வலமா என்று பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

லேத்தில் பித்தளையைக் கடைந்து விட்டம் எடுத்தபின், மில்லிங் இயந்திரத்தில் பல் வெட்டுவது. வட்டத்தை 30 சம பாகமாக்க இண்டெக்ஸ் ஹெட் என்ற கருவி உதவுகிறது. அதன் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைத்துண்டு ஒருமுறை சுற்றும். 30 பல்லுக்கு 40-ஐ 30-ஆல் வகுக்க, ஒரு பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும் மூன்றில் ஒரு சுற்றும். 18 துளையுள்ள வட்டத்தில் ஒரு சுற்றும் 6 துளையும். தந்தையார் இதைத் தாளில் எழுதவில்லை. அந்தக் கருவிக்குள்ளே இருப்பதும் ஒரு புழுவும் 40 பல் சக்கரமுமே என்று அவர் மூடியைத் திறந்து காட்டியபோது, நான் பாடத்தில் படித்த பொறியின் இலாபம் முதன்முறையாக என் கையில் சுழன்றது.

புழு எஃகு என்பதால் சக்கரத்தையும் எஃகில் செய்யக் கூடாது. ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் ஒட்டிப் பிய்த்துக்கொள்ளும். பாஸ்பர் பிரான்ஸ் மிகச் சிறந்தது; பித்தளை கிடைப்பதற்கு எளிது. இரண்டும் எஃகைவிட மென்மையானவை. தேய்வது சக்கரமாகவே இருக்கும், அதை மீண்டும் வெட்டிக்கொள்ளலாம்.

எங்கே தொடக்கூடாது

இருக்கைகளில் இரண்டு வகை உண்டு. திருகாணித் தண்டால் நகரும் வகையில், இருக்கையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அந்தத் திருகாணியே. பல்சட்டத்தில் சக்கரம் உருண்டு நகர்த்தும் வகையிலோ பற்சக்கரமே பூட்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், எதிர்முடுக்கம் ஏறத்தாழ 14 மடங்கு புவியீர்ப்பு. 25 கிலோ இருக்கை அந்தக் கணத்தில் 350 கிலோ எடைபோல் இழுக்கும். அந்தப் பூட்டில் கைவேலைச் சக்கரத்தை வைப்பதை நான் ஒப்பமாட்டேன். விலை அதிகமானாலும் தொகுதியாகவே வாங்க வேண்டிய இடம் அது. பல கார்களில் மின்விசையால் உதவும் ஸ்டியரிங்கிலும் இதே எஃகுப் புழுவும் நைலான் சக்கரமும் உள்ளன. அவ்வேலை வந்தால் எங்கள் பட்டறையில் கை வைப்பதில்லை.

இருக்கையைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். இருக்கைக்குள் காற்றுப்பை இருக்கலாம். அதற்குப் போகும் இணைப்பான் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றில் இதைப் பொருட்படுத்தாமல் பிடுங்குவதைக் கண்டு என் மனம் பதைத்ததுண்டு.

உதிரிப்பாகங்கள் தனித்தனியே கிடைக்க வேண்டும் என்பதற்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய குழு ஒன்றை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுடன் மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் சேர்ந்தன. சிறு சக்கரம் சிறு விலைக்குக் கிடைத்தால் பித்தளை வெட்ட வேண்டிய தேவையே பாதி குறையும். எங்கள் வீட்டு வருமானமும் சற்றுக் குறையும்தான். அது வேறு கதை.

புதுச் சக்கரத்தை மாட்டுமுன் பழைய கிரீசை மண்ணெண்ணெயால் முற்றிலும் கழுவ வேண்டும். புழுதி கலந்த பழைய கிரீசின் மேல் புதியதைத் தடவுவது தேய்க்கும் பசையைக் கூட்டுவதே. பித்தளைக்கு நைலானைவிட மசகு அதிகம் வேண்டும். லித்தியம் கிரீஸ் தடவி மூடியை இறுக்கமாகப் பூட்ட வேண்டும். இரண்டு தண்டவாளங்களும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று அளந்த பின்பே வளையும் கம்பியைச் சொருக வேண்டும். மறுபக்கத்து நைலான் சக்கரமும் அதே வயதுடையது. எனவே தந்தையார் இரண்டாகவே வெட்டினார். பழுதுபார்ப்பவர் ஒன்றுக்கு மட்டுமே காசு கொடுத்துவிட்டு, மற்றதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.