68 வயதில் சைக்கிளை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். "விழுந்து எலும்பு முறிந்தால் என்ன செய்வது?" என்று மகன் தடுக்கிறான். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. பிரான்ஸைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷான் 2014-ல், தமது 102-வது வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. ஓட்டினார். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் அவர் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் குறையவில்லை, கூடியிருந்தது! பயிற்சியின் பெரும்பகுதியை நிதானமாகவும், சிறு பகுதியை மூச்சு வாங்கும்படியும் ஓட்டியிருக்கிறார். நீங்களும் அப்படி ஓட்டலாம்; ஆனால் டாக்டரைக் கேட்டுவிட்டு. பிரஷர் மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றுகிறதென்றால் கட்டாயம் கேளுங்கள்.

மகனின் பயமும் நியாயமானதே. ஏறும்போதும் இறங்கும்போதும் தடுமாறி விழ வாய்ப்பு அதிகம். பின்னால் காலைத் தூக்கிப்போட்டு ஏறும் பார் வைத்த சைக்கிளா? லேடீஸ் சைக்கிளுக்கு மாறிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு பாதமும் தரையில் அழுந்த ஊன்ற வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கு அது ஒரு முக்கியக் காரணம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடிந்திருக்க வேண்டும். நின்றால் நுனிக்கால் ஊன்றினால் போதும்.

இன்னொன்று: சைக்கிளில் உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. ஆகவே நடையும் மாடிப்படி ஏறுவதும் கூடவே வேண்டும். மழை பெய்து ரோடு வழுக்கும் நாட்களில் நடை மட்டும் போதும்.