பஹணியும் கணிப்பொறியும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் உள்ள பெரிய கடைவீதி, கர்நாடக முதலமைச்சராக விளங்கிய டி. தேவராஜ் அர்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணிப்பொறியால் கிராம வறுமை குறையுமா என்று ஆராய்வோர் அவரது காலத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். 1974 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகை முறையை ஒழித்தது. குத்தகையாளர், தாம் உழுத நிலத்துக்கு வட்ட அளவிலான தீர்ப்பாயங்களில் உரிமை கோர வழி செய்தது.

உரிமை கிடைத்தால் போதுமா? அதற்குரிய சான்றும் வேண்டுமன்றோ! அச்சான்றே பஹணி. ஏறத்தாழ நம் அடங்கலைப் போன்றது. நிலத்தின் உடைமையாளர், பரப்பு, பயிர், அதன் மீதுள்ள கடன் ஆகியவற்றை அது காட்டும். அதன்றி வங்கியில் பயிர்க்கடன் பெறுதல் அரிது. சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் அதைக் கையால் எழுதிக் காத்துவந்தனர். பிறர் எளிதில் காண இயலாத அந்த ஏடே அவர்களுடைய அதிகாரமாயிற்று. நகலுக்கு அரசு விதித்த கட்டணம் 2 ரூபாய். உழவர் உண்மையில் கொடுத்ததோ அதனினும் பன்மடங்கு.

‘பூமி’த் திட்டத்தின் கீழ், 2001 அளவில், சுமார் 67 லட்சம் உழவர்களின் 2 கோடி பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. வட்ட அலுவலகச் சாளரத்தில் 15 ரூபாய் செலுத்தி, சில நிமிடங்களில் நகல் பெறலாயிற்று. பட்டா மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்பட்டன. பதிவைத் திருத்தும் அலுவலர் தம் விரல்ரேகையைப் பதித்தாக வேண்டும். இயந்திரத்தைவிட முக்கியமானது மற்றோர் ஆணை: கையெழுத்துப் பஹணி இனிச் செல்லாது என்பது. பழைய ஏடும் உடன் செல்லுபடியாகி வந்திருப்பின், கணிப்பொறி அலுவலகத்துக்கு ஓர் அணிகலனாகவே இருந்திருக்கும்.

எனினும் ஏட்டிலிருந்த பிழையும் அவ்வாறே கணிப்பொறியில் ஏறியது. வட்டத் தலைநகருக்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க நேர்ந்தது. பெங்களூரைச் சூழ்ந்த பகுதிகளில், தெளிவான பதிவுகள் பெரிய அளவில் நிலம் வாங்குவோருக்கே மிகுதியும் உதவின என்று சில ஆய்வாளர் வாதிட்டனர்.

நிலமற்ற கூலியாளருக்குப் பஹணியே இல்லை. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் நிலையோ மேலும் சிக்கலானது. குத்தகை சட்டப்படி ஒழிந்துவிட்டமையால், அவர் பெயரை எழுதிக்கொடுக்க நில உடைமையாளர் அஞ்சுவார். எழுதப்படாத பெயரைக் கணிப்பொறி அச்சிடாது. பஹணியை மட்டும் நோக்கும் வங்கி, வயலில் நிற்பவருக்குக் கடன் தராது.