நாறாத சாக்ஸ்

கேள்வி: 'நானோ வெள்ளி' கலந்த சாக்ஸ் என்று கடையில் இரட்டை விலை சொல்கிறார்கள். உண்மையிலேயே நாறாதா? உடம்புக்குக் கெடுதல் ஏதும் உண்டா?

பதில்: கொஞ்ச நாளைக்கு நாறாது. வியர்வையைத் தின்னும் பாக்டீரியாதான் வாடையைக் கிளப்புகிறது. வெள்ளியிலிருந்து கசியும் அயனிகள் அதைக் கொன்றுவிடும். வெள்ளியைப் பொடிக்கப் பொடிக்க மேற்பரப்பு பெருகும், வேகமும் கூடும். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்தத் துகள்களோ 100-க்கும் கீழே.

வம்பு துவைக்கும்போதுதான். 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆறு வகை சாக்ஸை நீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் ஒரு சில அலசலிலேயே வெள்ளி அநேகமாகக் காலி! ஓடிய வெள்ளி சாக்கடையில் பெரும்பாலும் சல்பைடாகி வீரியம் குறைகிறது என்பது ஆறுதல். ஆனால் கழிவுநீரைச் சுத்தம் செய்து தருவதும் பாக்டீரியாதானே?

காயமில்லாத தோல் வழியே உள்ளே போவது மிகச் சொற்பம். கவலைப்பட வேண்டியவர், ஆலையில் அந்தத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளி.

இதே நானோ வெள்ளியை வைத்துத்தான் சென்னை ஐஐடியின் டி. பிரதீப் குழுவினர் குடிநீரில் பூச்சிக்கொல்லியை நீக்க வழி கண்டார்கள். அதற்கு வெள்ளியைச் செலவழிக்கலாம். நானாக இருந்தால் அந்தக் காசுக்கு இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் வாங்குவேன்.