திங்கள் இரவு மைக், செவ்வாய் காலை மீட்டிங்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் வேலை பார்க்கிறீர்களா? வேலை தேடுகிறீர்களா? பிரசன்டேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு பப்பின் மாடிப்படி ஏறுங்கள். கவிஞர் பால் கேசி 2007-ல் தொடங்கிய 'ஓ வியல்' கவிதை மாலை, வின்த்ராப் தெரு லாங் வேலி பப்பின் மாடியில் ஆண்டுக்கணக்கில் திங்கள்தோறும் நடந்தது. ஐரிஷில் அந்தப் பெயருக்கு 'வாயிலிருந்து' என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் மேடையேறிப் படிக்கக்கூடிய இதுபோன்ற ஓப்பன் மைக் மற்ற ஊர்களிலும் உண்டு. நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஏன் பப்? மீட்டிங் ரூமில் உங்கள் பேச்சைக் கேட்பவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். பப்பில் யாருக்கும் அந்தக் கட்டாயமில்லை. முதல் இரண்டு வரியில் பிடிக்காவிட்டால் பக்கத்து நாற்காலியோடு பேச்சு ஆரம்பித்துவிடும். இவ்வளவு நேர்மையான ஃபீட்பேக்கை எந்த மேனேஜரும் தரமாட்டார்.

1. சீக்கிரம் போய்ப் பட்டியலில் பெயர் எழுதுங்கள். மூன்றாவது, நான்காவது இடம் நல்லது. முதல் ஆள் படிக்கும்போது கூட்டம் இன்னும் அடங்கியிருக்காது. கடைசி ஆள் படிக்கும்போது பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

2. மன்னிப்போடு தொடங்காதீர்கள். முதல் தடவை நான் என் ஆக்சென்ட்டுக்கு சாரி சொல்லிவிட்டுத்தான் படித்தேன். அதன்பிறகு கவிதையை விட்டுவிட்டு ஆக்சென்ட்டையே கேட்டார்கள். அடுத்த வாரம் நேராக முதல் வரிக்குப் போனேன். அறை அமைதியானது. இன்டர்வியூவிலும் இதே கதைதான்.

3. தாளைத் தடித்த அட்டையில் ஒட்டுங்கள். கை நடுங்கினாலும் தாள் படபடக்காது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு கைப்பிடி இடைவெளி போதும்.

4. கொடுத்த நேரத்தைத் தாண்டாதீர்கள். சிகாகோவின் கிரீன் மில் பாரில் மார்க் ஸ்மித் 1986-ல் தொடங்கிய கவிதை ஸ்லாம் வளர்ந்து உலகெங்கும் போட்டியாகப் பரவியது. அந்தப் போட்டிகளில் வழக்கமாக ஆளுக்கு 3 நிமிடம். 10 விநாடிச் சலுகையும் தீர்ந்தால் மதிப்பெண் குறையும். 5 நிமிடம் கிடைத்தால் 4 நிமிடத்துக்குத் தயாரியுங்கள்.

5. 'ஓ வியல்' மாலையின் ஐந்து சொல் சவாலை விடாமல் செய்து பாருங்கள். கூட்டத்திலிருந்து ஐந்து சொற்கள் வரும். 15 நிமிடத்தில் அந்த ஐந்தும் இடம்பெறும் கவிதை எழுத வேண்டும். டெட்லைன் நெருங்கும்போது முதல் டிராஃப்டை எழுதி முடிக்கும் பழக்கம் இதில் வருகிறது. எனக்கு வந்தது. முன்பெல்லாம் ஒரு கிளையன்ட் மெயில் எழுத ஒரு மணி நேரம் எடுப்பேன், இப்போது பாதிகூட ஆவதில்லை.

6. குடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு லெமனேடாவது வாங்குங்கள். இடம் கொடுப்பவருக்கு வியாபாரம் வேண்டும். உங்கள் முறை முடிந்ததும் நழுவாதீர்கள். மற்றவர்களைக் கேட்டவரைத்தான் மறுவாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கான்டாக்ட் அங்கேதான் உருவாகிறது.

7. தமிழ் உங்கள் அட்வான்டேஜ். ஐரிஷில் படித்துவிட்டு ஆங்கிலத்திலும் தருவது கார்க் மேடைகளில் சகஜம். நீங்களும் நான்கு வரி தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். அன்றிரவு பத்துப் பேர் படித்திருந்தாலும், படி இறங்கும்போது உங்களிடம்தான் வந்து கேட்பார்கள், அது என்ன மொழி என்று.