ஊரடங்கில் காத்திருந்த இதயங்கள்

நுழையும்முன்

பெருந்தொற்றுக் காலத்தை நோயுற்றோரின் எண்ணிக்கையாகவும் இறந்தோரின் கணக்காகவும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தொற்று தீண்டாமலேயே அக்காலத்தால் இழப்புக்கு உள்ளான குழந்தைகளும் உண்டு. இதயக் குறையோடு பிறந்து, கட்டணமில்லா அறுவை மருத்துவத்தை நம்பியிருந்த அக்குழந்தைகளைப் பற்றியது இப்பாடம்.

வானம் பார்த்த பூமி

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் அருப்புக்கோட்டை அமைந்துள்ளது. அங்கிருந்து கிழக்கே சென்றால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மணல் மட்டுமே தெரியும் ஆறு அது. கண்மாய் நிறைந்தால் நெல்லும், இல்லையேல் பருத்தியும் மிளகாயும் சிறுதானியமும் விளையும் மண். மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் உண்டு. நகரில் தறி ஓடினால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும். இத்தகைய குடும்பங்களுக்கு, சில லட்சம் ரூபாய் செலவாகும் இதய அறுவை எட்டாத உயரத்தில் இருந்தது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறை இருக்கக்கூடும் என்பது மருத்துவ உலகின் கணிப்பு. கரிசல் நாட்டில் அதைக் கண்டறிவது எளிதன்று. பால் குடிக்கும்போது குழந்தை வியர்த்துக் களைத்து இடையிடையே நிறுத்துவது முதன்மையான அறிகுறி. சித்திரை வெயிலில் வியர்க்காத குழந்தை ஏது? எடை கூடாமல் மெலிந்திருப்பது அடுத்த அறிகுறி. வறுமையுள்ள வீட்டில் அதற்குச் சத்துக்குறைவே காரணமாகச் சொல்லப்படும். அடிக்கடி வரும் சளியும் இளைப்பும் கைம்மருந்தோடு கடந்துபோகும். ஆகவே நோயை நாடி யாரேனும் ஊருக்குள் வந்து தேடவேண்டியிருக்கிறது.

தேடி வந்த கைகள்

அந்தத் தேடலுக்கு வழிவகுத்தது 2013இல் தொடங்கப்பட்ட, ஆர்.பி.எஸ்.கே. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிறார் நலத் திட்டம். இதன்படி மருத்துவக் குழு ஊர்தியில் சென்று அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளி மாணவரை ஒருமுறையும் பரிசோதிக்கவேண்டும். குழந்தையின் நெஞ்சில் முரல் ஒலி கேட்டால் மாவட்ட மையத்துக்கும், அங்கிருந்து எதிரொலிப் பரிசோதனைக்கும் பரிந்துரை செல்லும். அறுவைச் செலவை 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும். அறக்கட்டளைகளும் துணைநிற்கின்றன. புட்டபர்த்தியில் 1991இல் தொடங்கப்பட்ட சத்ய சாய் உயர்மருத்துவ நிறுவனம் போன்றவை பணம் கட்டும் இடமே இல்லாமல் அறுவை செய்கின்றன.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பள்ளியும் அங்கன்வாடியும் என்பதை மறத்தலாகாது. 2020 மார்ச்சில் அறுந்தது அதுவே.

அறுந்த சங்கிலி

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையாணை நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. மாநிலத்தின் முதல் கொரோனா இறப்பு அன்றைய விடியலுக்கு முன்னர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நேர்ந்தது. தென்மாவட்ட ஏழைகள் பெரிய நோய்க்கெல்லாம் ஓடிச்செல்லும் இடமே அச்சத்துக்குரிய இடமாயிற்று. பேருந்தும் இரயிலும் நின்றன. மாவட்ட எல்லை கடக்க இ-பாஸ் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தாருக்கு மதுரையே வேறு மாவட்டம்; ஏறத்தாழ 500 கி.மீ. அப்பாலுள்ள சென்னையைச் சொல்லவேண்டியதில்லை. நாடெங்கும் பள்ளிப் பரிசோதனைக் குழுவினர் பலர் தொற்றுத் தடுப்புப் பணிக்கு மாற்றப்பட்டனர். இருமலும் இளைப்பும் கொண்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லத் தாய் தயங்கினாள். கொரோனா என்று சொல்லிவிடுவார்களோ, தனிமைப்படுத்திவிடுவார்களோ என்னும் அச்சம்.

மருத்துவமனையின் உள்ளேயும் நிலைமை கடினமாயிற்று. குழந்தையின் இதயத்தைத் திறந்து அறுவை செய்கையில், இதய-நுரையீரல் பொறி சிறிது நேரம் அவ்வுறுப்புகளின் வேலையைச் செய்யும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 250 மில்லிலிட்டரே. பொறியின் குழாய்களை நிரப்பவே கொடையாளரின் குருதி தேவைப்படும். அதனைத் திரட்டித்தந்த கல்லூரி முகாம்கள் நின்றுபோயின. அறுவைக்குப்பின் குழந்தைக்கு வேண்டிய செயற்கைச் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் தொற்றாளருக்கு ஒதுக்கப்பட்டன. அறுவைக்கு வந்த குழந்தைக்கே தொற்று இருந்தால் நுரையீரல் தாங்காது என்பதால் நாள் தள்ளிப்போயிற்று.

'ஒத்திவைக்கக்கூடியது' என்னும் சொல் அந்நாள்களில் மருத்துவமனைகளில் மிகுதியாகப் புழங்கியது. மேலறைச் சுவரிலுள்ள சிறு துளை சில ஆண்டுகள்கூடப் பொறுக்கும். கீழறைச் சுவரிலுள்ள பெரிய துளை அவ்வாறன்று. அதன்வழிப் பாயும் மிகைக்குருதி நுரையீரல் நாளங்களைத் தடிக்கச் செய்கிறது. முதல் ஆண்டுக்குள் அடைக்காவிட்டால், நாளடைவில் நாளங்கள் மீளமுடியாதபடி இறுகும். அதன்பின் துளையை அடைப்பதே உயிருக்கு இடராகும். பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ சில வாரங்களே கெடு. பட்டியலில் 'காத்திருக்கலாம்' என்று எழுதப்பட்ட குழந்தை, ஓசையின்றி 'இனி இயலாது' என்னும் நிலைக்குச் செல்லக்கூடும். ஊரடங்கு நீட்டிக்கப்பட்டபோது நோயும் காத்திருக்கவில்லை.

நாட்டின் 24 குழந்தை இதய மருத்துவ மையங்கள் 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலான தம் பணியை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தன. வெளிநோயாளர் வருகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. அறுவைகளும் பெரிதும் குறைந்திருந்தன. அரசு மருத்துவமனைகளில் அச்சரிவு இன்னும் மிகுதி. வந்து சேர்ந்தோருள் அவசர நிலையில் வந்தோரின் விகிதம் கூடியிருந்தது. வராத குழந்தைகளைப் பற்றி எந்த ஏட்டிலும் பதிவில்லை என்பதே இக்கணக்கின் வேதனையான பகுதி.

கடல் கடந்தும் இதே நிலைதான். இதய அறுவை வல்லுநர் இல்லாத நாடுகளுக்கு ஆண்டுதோறும் பறந்துசென்று குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்த தன்னார்வக் குழுக்கள், வானூர்திகள் நின்றதும் தத்தம் நாடுகளிலேயே முடங்கின.

மீண்டும் திறந்த வாசல்

மாவட்டங்களுக்கிடையிலான பேருந்துகள் 2020 செப்டம்பரில் ஓடத் தொடங்கின. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்து ஆக்சிசனுக்கே ஆலாய்ப் பறக்கவைத்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரியில்.

2020இல் முதல் வகுப்பில் சேர்க்கப்பட்ட குழந்தை, இரண்டாம் வகுப்பு மாணவனாகத்தான் முதன்முறையாகத் தன் பள்ளி வாசலை மிதித்தது. அதன் நெஞ்சில் பள்ளி மருத்துவக் குழுவின் இதயத்துடிப்பு மானி வைக்கப்படுவதற்கு அதற்கும் பின்னர் ஒரு நாள் வரவேண்டியிருந்தது.