மின்சாரம் இல்லாத நாற்பது மீட்டர்

கேள்வி: அருவக்காட்டிலிருந்து சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் டீசல் ரயிலைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது கணினியில் ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டரில் இந்தியாவின் டபிள்யூஏபி-7 மின் என்ஜினை ஓட்டுகிறேன். திராட்டிலை முழுதாகத் திறந்தால் பறக்கிறது. ஸ்டேஷனில் மேடையைத் தாண்டித்தான் நிற்கிறது. உண்மையான டிரைவர் போல ஓட்டுவது எப்படி? புத்தளம் பாதைக்கே மின்கம்பி போட்டு ஒரு தடம் அமைக்கலாமா?
– வாசகர், பாலாவி

பதில்: முதலில் செட்டிங்கைப் பாருங்கள். 'சிம்பிள் கன்ட்ரோல் அண்ட் பிசிக்ஸ்' என்ற தெரிவில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 'அட்வான்ஸ்டு அட்ஹீஷன்' தெரிவைப் போடுங்கள். அப்போதுதான் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் டீசல்களிலும் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகையும் அப்படித்தான். அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. டபிள்யூஏபி-7 தலைக்கு மேலுள்ள 25,000 வோல்ட் கம்பியிலிருந்து எடுக்கிறது. டீசலில் என்ஜின் இரைவதை வைத்தே எவ்வளவு இழுக்கிறது என்று காது சொல்லிவிடும். மின் என்ஜினில் பெரும்பாலும் ப்ளோயர் சத்தம்தான் கேட்கும். இழுவையை மீட்டரில்தான் பார்க்க வேண்டும். 123 டன் எடை, ஆறு அச்சு, 6,120 குதிரைத்திறன். இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. கடைசிப் பெட்டியும் நகரத் தொடங்கிய பிறகே திராட்டிலைக் கூட்டுங்கள்.

மேடையைத் தாண்டிப் போவதற்குக் காரணம் பிரேக் அல்ல, பிரேக்கைத் தொடும் நேரம். ரயிலின் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கிறது. கைப்பிடியைத் திருப்பியதும் அந்த அழுத்தம் என்ஜினில் குறையத் தொடங்கி, பெட்டி பெட்டியாகப் பின்னால் போகும். 24 பெட்டி வண்டி அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கடைசிப் பெட்டி பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அனுபவசாலி டிரைவர் வெகு முன்னாலேயே திராட்டிலைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடுவார். பிறகு அரை கிலோ அழுத்தம் மட்டும் குறைப்பார். வண்டி முழுவதும் பிடித்ததா என்று உடம்பில் உணர்ந்தபின் இன்னும் கொஞ்சம் குறைப்பார். உங்களுக்கு அந்த உணர்வு நாற்காலியில் கிடைக்காது. எஃப்5 பொத்தானை அழுத்தினால் வரும் தகவல் பலகையில் கடைசிப் பெட்டியின் அழுத்தத்தைப் பாருங்கள். நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கை ஓரளவு தளர்த்த வேண்டும். இறுக்கிப் பிடித்தபடியே நிறுத்தினால் உள்ளே நின்றுகொண்டு வருபவர் முன்னால் சரிவார். திரையில் அந்தப் பயணி தெரியமாட்டார். அவர் இருக்கிறார் என்று நினைத்தே ஓட்டுங்கள், ஏனென்றால் இந்தத் தொழிலின் பாதி அவருக்காகத்தான்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மின் என்ஜினை ஓட்டுபவரை டீசல் டிரைவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான் என்பேன். மேலே போகும் கம்பி முழுவதும் ஒரே மின்சாரம் அல்ல. மின்வலையமைப்பில் மூன்று ஃபேஸ்கள் உண்டு. ரயிலுக்கு வேண்டியது ஒற்றை ஃபேஸ். ஒன்றிலேயே எல்லாச் சுமையும் விழாமலிருக்க, அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு ஃபேஸிலிருந்து கொடுக்கின்றன. இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். ஆகவே நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டு விடுகிறார்கள். நியூட்ரல் செக்ஷன் என்பது அதுதான். வழக்கமான வகை சுமார் 40 மீட்டர் நீளம்.

இந்தியப் பாதைகளில் 500 மீட்டருக்கு முன் ஓர் எச்சரிக்கைப் பலகை, 250 மீட்டரில் இன்னொன்று, பிறகு டிஜேயைத் திறக்கச் சொல்லும் பலகை. டிஜே என்று ஓட்டுநர்கள் சொல்வது மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் முதல் பலகையிலிருந்து 18 விநாடிதான் இருக்கிறது. அதற்குள் திராட்டிலைச் சுழியத்துக்கு இறக்கி, டிஜேயைத் திறந்து, ஓடும் வேகத்திலேயே கடந்து, மறுபுறப் பலகையைப் பார்த்தபின் மூட வேண்டும். சிமுலேட்டரின் பல தடங்களில் கம்பி எங்கேயும் மின்சாரம் இழப்பதில்லை. முழுத் திராட்டிலில் போனாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் பலகை கண்ட இடத்தில் செய்யுங்கள். சில நாளில் கண் தானாகப் பலகையைத் தேடும்.

புத்தளம் பாதைக்குக் கம்பி போடுவது நல்ல யோசனை. தட எடிட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இலங்கையிலும் இந்தியாவிலும் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்தான். டபிள்யூஏபி-7 அப்படியே நிற்கும். அது முழுச் சக்தியில் சக்கரத்துக்குக் கொடுப்பது ஏறத்தாழ நாலரை மெகாவாட். உங்களிடமிருந்து கல்பிட்டி வீதியில் போனால் வரும் நுரைச்சோலை நிலையத்தின் திறன் 900 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் பக்கத்திலிருந்தும் இலங்கையில் மின்ரயில் இல்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

தடம் அமைக்கும்போது நியூட்ரல் செக்ஷனை நேரான, சமதளமான இடத்தில் வையுங்கள்; கரையோரப் பாதையில் அதற்குப் பஞ்சமில்லை. பாலாவி ஸ்டேஷனின் வெளிச் சிக்னலுக்கு அருகில் மட்டும் வேண்டாம். சிக்னல் சிவப்பாக இருந்து, கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃப் அந்த நாற்பது மீட்டருக்குள் நின்றுவிட்டால், வெளியிலிருந்து உதவி வரும்வரை வண்டி நகராது.