வாசலில் வேம்பு, மாடியில் தோட்டம்: கைக்காசு செலவில்லாத 12 குறிப்புகள்

தொட்டி, மண், உரம், பூச்சிமருந்து என்று எல்லாவற்றையும் நர்சரியில் விலைக்கு வாங்கினால், மாடியில் காய்க்கும் கத்திரிக்காய் தங்க விலைக்கு வந்துவிடும்! சென்னையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. மாடித் தோட்டத்துக்கு வேண்டியதில் பாதியை அதுவே கொடுத்துவிடுகிறது. மீதி சமையலறையில் கிடைக்கிறது. எங்களுக்குக் கைகொடுத்தவற்றை உங்களுக்கும் சொல்கிறோம், தோழிகளே!

1. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் கொட்டும் சருகைத் தெருமுனையில் குவித்து எரிக்க விடாதீர்கள். நன்றாகக் கழுவிய பழைய பெயிண்ட் வாளியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, சருகு இரண்டு பங்கு, காய்கறித் தோல் ஒரு பங்கு என்று அடுக்கி, நடுநடுவே புளித்த மோர் தெளித்து மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால், மூன்று நான்கு மாதத்தில் டீத்தூள் போலக் கறுத்து, புதுமழை மண்வாசனையோடு உரம் தயார்.

2. உரவாளி நாறுகிறதா? ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் சருகு போடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மிஞ்சிய சோறு, எண்ணெய்ப் பண்டம் எதையும் அதில் கொட்டாதீர்கள், எலிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

3. பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது, இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வையுங்கள். விடியற்காலையில் வண்டிகள் கிளம்பும் முன் சுருட்டி எடுத்தால், மண் படாத பூ ஒரு முறம் தேறும். காம்பு, தூசு நீக்கி மொறுமொறுவென்று காயவைத்து பாட்டிலில் அடைத்தால், வருஷப்பிறப்புப் பச்சடிக்குப் போக ரசத்துக்கும் வரும்.

4. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைச் சதை போகக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்து மாலையில் தெளித்தால் அசுவினி கட்டுப்படும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள், வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

5. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால், பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து விடுங்கள். தண்டில் எறும்பு சாரிசாரியாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பதே எறும்புதான்.

6. வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் ஆசை. தூக்கிப் போடும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடிகளில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டி, தக்காளி, கத்திரிக்கு நடுவே நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி தடவினால் போதும்.

7. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு விடலாம். கெட்டியான வடிகஞ்சியை அப்படியே ஊற்றாதீர்கள். நாங்கள் ஒருமுறை ஊற்றி, தொட்டி முழுக்க எறும்புப் புற்று வந்ததுதான் மிச்சம்! ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லாததால் செடிக்கு நல்லது, ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம் என்பதால் அது வாசல் கழுவ.

8. புதினாக் கட்டு வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடாதீர்கள். தடித்த தண்டாகப் பார்த்து நிழலான தொட்டியில் செருகினால் சில நாளில் துளிர்த்துவிடும். பொன்னாங்கண்ணி, கொடிப்பசலைத் தண்டும் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

9. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை ஞாயிற்றுக்கிழமை தோறும் கவிழ்த்து, நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீர் கொட்டப்பட்டால் அது பிழைக்காது.

10. மாடியில் மண்ணை மட்டும் நிரப்பினால் தளத்துக்குப் பாரம், தூக்கும் முதுகுக்கும் பாரம். மண், தேங்காய் நார்க்கழிவு, சருகு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது.

11. வாசலில் சிமென்ட் போடும்போது மரத்தின் தூர் வரை பூச விடாதீர்கள், சுற்றிலும் மூன்றடியாவது மண்ணாக இருக்கட்டும். மழைநீர் இறங்கும், வேரும் மூச்சு விடும். 'வீடு வாடகைக்கு' போர்டைக் கூட ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள், வேலை முடிந்ததும் அவிழ்த்து விடுங்கள்.

12. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் மரங்கள் சாய்ந்து கிடந்தது நினைவிருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே உங்கள் முருங்கையைக் கவாத்து செய்து, வெட்டிய போத்தை வேண்டியவர்களுக்கு நடக் கொடுங்கள். தெரு மரத்தில் நீங்களே அரிவாள் வைக்க வேண்டாம். முறிந்து தொங்கும் கிளைக்கு 1913-இல் மாநகராட்சியை அழைத்துச் சொல்லுங்கள்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு பழைய வாளிக்கு ஓட்டை போட்டு வையுங்கள், போதும். சருகை வாசல் மரம் தானாகவே கொண்டுவந்து கொட்டிவிடும்!